இரண்டு நிறை, ஒரு குறை

அந்தத் தையல் மன்றத்தில் ஒருவர் தைத்ததைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால், முதலில் இரண்டு நிறை சொல்லியாக வேண்டும். இது மன்றத்தின் முதல் விதி. இணையத்தில் பதினோராயிரம் பேர் கூடித் தைத்ததைக் காட்டி, கேட்டு, சொல்லி, சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்படி ஒரு விதி வந்ததற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். அந்த ஆள் நம்முடைய மாஸ்டர்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாகச் சட்டைப் பட்டறை ஒன்றில் துணி வெட்டுகிறவள். பட்டறையில் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு மன்றத்தில் ஒரு பெண் தன் முதல் தலையணை உறையைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது கால் துடைக்கவா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அளவையும் கனத்தையும் பார்த்து, கால் துடைக்க நன்றாக இருக்குமே என்று மெய்யாகவே நினைத்துக் கேட்டாள். அந்தப் பெண் அன்றைக்கே மன்றத்தை விட்டுப் போய்விட்டாள். மன்றத்தை நடத்துகிற அம்மையார், புனைபெயர் பஞ்சு, பெயருக்கு ஏற்ற மனசு, மறுநாளே இந்த விதியைப் போட்டார். மாஸ்டருக்கு முதல் எச்சரிக்கையும் அன்றைக்கே வந்தது. இரண்டாவது எச்சரிக்கை ஒரு பைஜாமா விஷயத்தில் வந்தது, அதை விட்டுவிடலாம். மூன்றாவது வந்தால் ஒரு மாதம் வெளியே நிற்க வேண்டும்.

எனவே மாஸ்டர் திருந்தியிருந்தாள். குறை சொல்லும் முன் இரண்டு நிறை தேடுவாள். கிடைக்காவிட்டால் உண்டாக்குவாள். "நூல் கலர் துணியோட ஒத்துப்போகுது", "படம் தெளிவா எடுத்திருக்கீங்க" என்று எழுதிவிட்டு அப்புறம்தான் கத்தரியை எடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்துவிட்டு, தன் பெரிய டேப்லட்டைத் திறந்தாள். மேலே நூல்கண்டு என்ற புனைபெயரில் ஒரு பதிவு இருந்தது. எட்டு மாதமாக மன்றத்தில் இருக்கிற அம்மாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தைக்கக் கற்றுக்கொண்டவர். எது தைத்தாலும் படம் போடுவார், எல்லோருக்கும் நன்றி சொல்வார், பூ படம் அனுப்புவார்.

"என் மருமகள் வேலை செய்யற ஆய்வகத்துக்குப் பதினாலு வெள்ளைக் கோட்டு. என் முதல் ஆர்டர். மருமகள் தானா பேசி, எங்க அத்தை நல்லா தைப்பாங்கன்னு சொல்லி வாங்கிக் கொடுத்தது. மாதிரிக்குத் தனியா ஒண்ணு தைச்சுப் போட்டுப் பார்த்திருக்கேன். மூணு மணிக்குப் பதினாலையும் வெட்டப் போறேன். துணி சரியா அளவா இருக்கு, கடையில இதே துணி இனி இல்லையாம். கருத்து சொல்லுங்க, அக்காமார்களே."

அந்த மன்றத்தில் வயது வித்தியாசம் கிடையாது, எல்லோரும் எல்லோருக்கும் அக்காதான். கீழே அறுபத்திரண்டு பேர் அருமை, சூப்பர், அசத்தல் என்று எழுதியிருந்தார்கள். மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

நூல்கண்டு இரண்டு கைகளையும் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக நின்றிருந்தார். கோட்டு கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. அக்குள் பக்கம் ஒரு சுருக்கம் கிடையாது, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை வழவழவென்று இறங்கியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது அழகு. மாஸ்டர் "ஐயையோ!" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு? யாராவது போயிட்டாங்களா?" என்றார் புருஷன். அவர் பஸ் டிரைவர். வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார்.

"இந்தக் கோட்டைப் பாருங்க."

"நல்லாத்தானே இருக்கு."

"உங்க கல்யாணக் கோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு ஸ்டியரிங் பிடிப்பீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அன்றைக்குக் கும்பிடக்கூட முடியாமல் அவர் தவித்தது இன்றும் குடும்பத்தில் பேச்சு. கைக்குழியை, அதாவது கையைப் பொருத்துகிற துளையை, ஆழமாக வெட்டி, கையின் மேல் வளைவை உயரமாக வைத்தால், கை தொங்கும்போது சுருக்கமே இருக்காது. தூக்கினால் கோட்டு முழுக்கக் கூடவே கிளம்பி மேலே வரும். ஆய்வகத்தில் மேல் தட்டிலிருந்து குப்பி எடுக்கிறவர்களுக்கு அது கோட்டு இல்லை, கட்டு. பதினான்கு பேரும் முதல் நாளே கழற்றிப் போட்டுவிடுவார்கள். மருமகள் அவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பாள். அப்புறம் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் எந்த முகத்தோடு பேசிக்கொள்வார்கள்? மணி ஒன்று ஐம்பது.

மாஸ்டர் விதிப்படியே எழுதினாள். "துணி ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க அக்கா, வேலைக்கு ஏத்த கனம், துவைச்சாலும் நிக்கும். முன்பக்கம் பட்டன் வரிசை ஒரே இடைவெளியில அளந்து வெச்ச மாதிரி நேரா இருக்கு. ஆனா ஒரு விஷயம்." அதற்குக் கீழே கைக்குழியை எவ்வளவு மேலே ஏற்ற வேண்டும், வளைவை எவ்வளவு இறக்க வேண்டும், கையை எவ்வளவு அகலமாக்க வேண்டும் என்று அரை அங்குலம் பிசகாமல் எழுதினாள். போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு காலை நீட்டினாள்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "மாஸ்டர் அக்கா! உங்க வாயால நல்லா இருக்குன்னு வந்ததே போதும். இனி தைரியமா வெட்டுறேன். துணியை இஸ்திரி போடப் போறேன்." கூடவே மூன்று பூ.

மாஸ்டருக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. "பாத்தீங்களா? கேக்கறது கருத்து. சொன்னா காதுல வாங்கறதில்லை. எப்பவும் இப்படித்தான் இந்தம்மா. காலரைப் பத்தி எத்தனை பேர் சொன்னாங்க! அதே காலரைத்தான் மறுபடி மறுபடி தைக்கறாங்க. சொல்லிச் சொல்லி எல்லாரும் விட்டுட்டாங்க. இப்ப அருமைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க."

"நீ என்ன எழுதினே? காட்டு." அவர் எழுந்து வரச் சோம்பல்பட்டு, தன் போனிலேயே மன்றத்தைத் திறந்தார். படித்தார். பிறகு நிமிர்ந்து, "நீ குறையே சொல்லலையே" என்றார்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? பத்து வரி எழுதியிருக்கேன்."

"எனக்கு ரெண்டு வரிதான் வருது. துணி நல்லா எடுத்திருக்கீங்க, வேலைக்கு ஏத்த கனம். அவ்வளவுதான்."

மாஸ்டர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு வரிக்குக் கீழே, வெளிறிய எழுத்தில், கொசு அளவுக்கு, 'மேலும்' என்று இருந்தது. அதைத் தொட்டால்தான் மிச்சம் திறந்தது. அவளுடைய டேப்லட்டில் இந்த வம்பு கிடையாது. அதில் எல்லாம் முழுசாகத் தெரியும்.

போனை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு அந்தப் போனிலேயே நூல்கண்டின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எட்டு மாதம். எல்லோரும் விதியை மதித்தவர்கள். முதல் இரண்டு வரியில் நிறை, குறை எல்லாம் மூன்றாவது வரியில். போனில் பார்த்தால் பாராட்டு மட்டும் வரிசை வரிசையாக நின்றது, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிறவர்கள் மாதிரி. நூல்கண்டு அத்தனை பேருக்கும் நன்றி சொல்லியிருந்தார். "சொன்னா கேக்க மாட்டாங்க" என்று மன்றமே பேர் வைத்துவிட்ட அந்த அம்மாளுக்கு, யாரும் எதுவும் சொன்னதாகவே தெரியாது.

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. மணி இரண்டு இருபது.

விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் வரியிலேயே "வெட்டாதீங்க! கையைத் தூக்கிப் பாருங்க!" என்று எழுதிப் போட்டாள். பதிவு இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு காணோம். ஞாயிற்றுக்கிழமை பஞ்சு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது. நூல்கண்டுக்குத் தனிச் செய்தி அனுப்பலாம் என்றால், அவர் தனிச் செய்தியை மூடி வைத்திருந்தார். பஞ்சுவிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, நிறை எங்கே? இது மூணாவது எச்சரிக்கையா ஆகிடும். உங்களை வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது."

"பஞ்சு அக்கா, அந்தம்மா மூணு மணிக்குப் பதினாலு கோட்டு வெட்டப் போறாங்க. கை தூக்க வராது. போன்ல ரெண்டு வரிக்கு மேல தெரியறதில்லை. நீங்களே உங்க போன்ல திறந்து பாருங்க."

"நானும் கம்ப்யூட்டர்லதான் பார்க்கறேன். போன் மகள்கிட்ட இருக்கு, வந்ததும் பார்க்கறேன். அக்கா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்காகவே வந்த விதி வேற. ரெண்டு நிறை சொல்லிட்டு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, நான் கையை வைக்க மாட்டேன்."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சு சொன்னதில் தப்பும் இல்லை. இவளை நம்பி விதியைத் தளர்த்தினால் நாளைக்கு எத்தனை தலையணை உறை பலியாகும் என்று அந்த அம்மையாருக்குத் தெரியும்.

"வேற வழியே இல்லையா?" என்றார் புருஷன். இப்போது அவரும் ஈஸிசேரை விட்டு எழுந்து வந்திருந்தார்.

"இருக்கு," என்றாள் மாஸ்டர். "துணி கம்மியா இருந்தா என்ன பண்ணுவேன்? பேட்டர்ன் பேப்பரை நெருக்கி அடுக்குவேன். உங்க போன்ல ஒரு பதிவுக்கு எத்தனை எழுத்து தெரியுதுன்னு எண்ணுங்க."

பத்துப் பதிவுகளை எடுத்து எண்ணினார்கள். புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு. அதற்குள் இரண்டு நிறை, ஒரு குறை. மாஸ்டர் பட்டறைப் பென்சிலை எடுத்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். 'துணியைத் தேர்ந்தெடுத்த விதம் அருமை' என்று ஆரம்பித்தால் துணியே பாதி வரியைத் தின்றது. அதை அடித்தாள். 'பட்டன் வரிசை நேர்த்தி' என்பதில் வரிசையை வெட்டினாள், பிறகு நேர்த்தியையும் வெட்டினாள்.

"வெட்டாதேன்னு போடு. வெட்டாதீங்கன்னு எதுக்கு? பாருங்கன்னு போடாம பார்னு போட்டா ரெண்டுலயுமா நாலு எழுத்து மிச்சம்," என்றார் புருஷன்.

"மாமியாரா இருக்கிறவங்க. மரியாதையில கை வைக்காதீங்க. அது இல்லாம வேற எங்கேயாவது நறுக்கறேன்."

நறுக்கினாள். கடைசியில் தாளில் நின்றது இதுதான்: "வெள்ளை அழகு. பட்டன் அழகு. வெட்டாதீங்க. கையைத் தூக்கிப் பாருங்க." எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒரு எழுத்து மிச்சம்கூட இருந்தது. இரண்டு ஐம்பதுக்குப் பதிவு ஏறியது. பஞ்சு கையை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, இரண்டு நிறை கணக்காக இருந்தது.

இவ்வளவு சாமர்த்தியம் செய்தும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. மூன்று ஆயிற்று. மூன்று பத்து. புருஷன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார், அது ஆடை கட்டியது. மாஸ்டர் எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். வெள்ளைத் துணியில் கத்தரி ஓடுகிற சத்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். கருக் கருக் என்று ஒரே சீராக ஓடும், கேட்டால் சுகமாக இருக்கும். இன்றைக்கு எங்கேயோ ஒரு வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு ஒரு படம் வந்தது. நூல்கண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். கோட்டின் கீழ் விளிம்பு இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. தோள் இரண்டும் காதை மூடியிருந்தது. கழுத்துக்குள் முகம் போய்விட்ட மாதிரி இருந்தது. சிரிக்கிற மாதிரி படமில்லை. கீழே, "மாஸ்டர் அக்கா, மூணு வெட்டிட்டேன். போன் சமையலறையில இருந்துச்சு. என்ன பண்றது?" என்று எழுதி, தன் போன் எண்ணையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி அப்படியே போட்டிருந்தார். பதற்றத்தில் மனுஷிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மாஸ்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, உடனே பஞ்சுவிடம் சொல்லி அதை மறைக்கச் சொல்லிவிட்டு, கூப்பிட்டாள்.

"அக்கா, அழாதீங்க. கத்தரியைக் கீழே வெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டேன்."

"நல்லது. பதினொண்ணு பத்திரமா இருக்கு. மூணும் செத்துப் போகலை. ஓரத்துல வெட்டின துண்டு கிடக்கும், குப்பையில போடாதீங்க. அதுல உள்ளங்கை அளவுக்கு ஆறு சதுரம் எடுங்க. அக்குளுக்கு நேரா, கைத் தையலும் உடம்புத் தையலும் சேர்ற இடத்துல, அதைச் சாய்ச்சு வெச்சுத் தைக்கணும். கை தாராளமா மேலே போகும். போலீஸ்காரங்க, டிரைவருங்க சட்டைக்கெல்லாம் நான் இப்படி வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியவே தெரியாது. மிச்சம் பதினொண்ணுக்கு பேட்டர்னையே மாத்திடலாம். என் முதல் பதிவுல அளவெல்லாம் இருக்கு, கீழே மேலும்னு இருக்கறதைத் தொட்டாத் தெரியும். பேப்பர் இருக்கா? பழைய நியூஸ்பேப்பர் போதும்."

பேப்பர் விரிகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் ஒவ்வொரு அளவாகச் சொன்னாள், அந்த அம்மாள் திருப்பிச் சொன்னார். குரல் நிதானத்துக்கு வந்தது. பாதியில், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. மாஸ்டர் ஹலோ ஹலோ என்று பார்த்தாள். இணைப்பு இருந்தது, ஆள் பேசவில்லை. அளவு எழுதப் பென்சில் தேடப் போயிருப்பார் என்று நினைத்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அக்கா," என்று திரும்பி வந்த குரல் வேறாக இருந்தது. "உங்க முதல் பதிவுல அளவெல்லாம் இருக்குன்னு சொன்னீங்களேன்னு, அந்த மேலும்ங்கிறதைத் தொட்டேன். இத்தனை நாளும் அது விளம்பரம்னு நினைச்சேன். எங்கே தொட்டாலும் ஏதாவது விளம்பரம் குதிக்குதே, அதான் அதைத் தொடறதே இல்லை. இப்ப பழசையும் திறந்து பார்த்தேன்."

மாஸ்டர் கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்தாள்.

"காலர் காலர்னு ஒன்பது பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தி படமே வரைஞ்சு காட்டியிருக்கா. அவளுக்கு நான் பூ அனுப்பியிருக்கேன். போன மாசம் ஒருத்தி, 'இவங்களுக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்'னு கடைசி வரியில எழுதியிருக்கா. அவளுக்கும் பூ அனுப்பியிருக்கேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "நான் நல்லா தைக்கறேன்னு நினைச்சுக்கிட்டுத்தானே மருமகளை வாய் திறந்து கேக்க விட்டேன். அந்த மேல் ரெண்டு வரிதான் எனக்குத் தைரியமே. அதெல்லாம் விதிக்காக எழுதினதா? சும்மாவா? நீங்க சொல்லுங்க அக்கா, வெள்ளை அழகு, பட்டன் அழகுன்னீங்களே."

 ஆமாம் சும்மாதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அந்த அம்மாள் பதினொரு கோட்டுத் துணியையும் மடித்து வைத்துவிட்டு, மருமகளிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். இல்லை, மனசாரச் சொன்னது என்று ஒரு பொய் சொன்னால், அதுவும் குறையை மறைக்கிற அந்த முதல் இரண்டு வரி மாதிரிதான். டேப்லட்டில் அந்தப் படம் இன்னும் திறந்தே கிடந்தது, கை தூக்கி, கோட்டு மேலேறி, விளிம்பு புரண்டு நின்ற படம். மாஸ்டர் பேச்சுக்காக இல்லாமல், வழக்கப்படி வேலையைப் பார்க்கிற கண்ணோடு அதைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"வெள்ளை சும்மா சொன்னது," என்றாள். "வெள்ளைத் துணி வெள்ளையா இருக்கறதுல உங்க கெட்டிக்காரத்தனம் என்ன இருக்கு? பட்டனும் சும்மாதான். எழுத்து கம்மின்னு போட்டேன்."

அந்தப் பக்கம் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது.

"ஆனா இந்த ரெண்டாவது படத்துல கோட்டு புரண்டு உள்பக்கம் தெரியுது. கை தூக்காம இருந்திருந்தா நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். பக்கத் தையலோட உள் ஓரத்தை விரிச்சு, ரெண்டு பக்கமும் மடக்கி, மறுபடி தைச்சிருக்கீங்க. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலை. நூல் பிரிஞ்சு உடம்புல குத்தும்னு நானா மடக்கினேன். அவங்க நாள் முழுக்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமே."

"கேட்டுக்கங்க. எங்க பட்டறையில இருபது மெஷின் ஓடுது. உள்பக்கத்தை இப்படி முடிக்கறவங்க அதுல ரெண்டு பேர். அதுலயும் ஒருத்தி நான் பின்னாடி நின்னாத்தான் செய்வா. உங்க காலர் மோசம். கைக்குழி படுமோசம். ரெண்டையும் ஒரு வாரத்துல கத்துக்கலாம். யாரும் பார்க்காத இடத்துல இப்படித் தைக்கறதை என்னால ஒருத்திக்கும் கத்துக்கொடுக்க முடியலை."

"இதையாவது நம்பலாமா, அக்கா?"

"பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்தறவளா இருந்தா, நான் உங்களைப் பதினாலையும் வெட்ட விட்டிருப்பேனே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது, நியூஸ்பேப்பர் சரசரத்தது.

"சரி, சொல்லுங்க," என்றார் நூல்கண்டு. "கைக்குழியை எவ்வளவு மேலே ஏத்தணும்னு சொன்னீங்க?"